பன்னாடையில் தங்குவது எது?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் பரப்பினால் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. யாரோ யாரையோ திட்டியிருக்கிறார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டவர் நமக்கு எழுதியிருக்கிறார். திட்டிய தரப்பிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார், அவரையும் விடவில்லை. அதனால் சினிமா, அரசியல் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குப் போகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தால் எழுதிப் போடுங்கள், இந்த வாரம் அதற்குத்தான் சீசன்.

ஐயா, பத்து வருடமாக வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், ஆரி வேலையும் செய்வேன். போன மாதம் ஒரு அம்மா வந்து, நாலு பேர் அளவு கொடுக்க உட்கார்ந்திருக்கும்போதே பட்டு பிளவுஸை மெஷின் மேல் வீசி, ‘நீயெல்லாம் டெய்லரா, கோணிப்பை தைக்கத்தான் லாயக்கு, ஒரு தடவை நனைச்சதுக்கே உள்துணி சுருங்கி மேல்துணி கொப்பளம் கொப்பளமா நிக்குது, ஆயிரத்தைந்நூறு வாங்க மட்டும் தெரியுது, ஒங்க வம்சமே ஏமாத்துற வம்சம்’ என்று கத்திவிட்டுப் போனார். பத்து நாளாகத் தூக்கமில்லை. மெஷினை விற்றுவிடலாமா என்றிருக்கிறது.
– பெயர் வேண்டாம், செல்லூர்

தங்கச்சி, உங்கள் மூன்று பக்கக் கடிதத்தை இங்கே நாலு வரியாகச் சுருக்கிவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். முழுசையும் நான் இரண்டு தடவை படித்தேன், இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. ‘கோணிப்பை’ ஆறு இடத்தில் வருகிறது. ‘வம்சம்’ நாலு இடத்தில். உள்துணி சுருங்கிய விஷயம் எத்தனை இடத்தில் தெரியுமா? ஒரே ஒரு இடத்தில், அதுவும் அந்தம்மா பேசியதை எழுதுகிற வரியில், போகிற போக்கில்.

நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் ஓர் இடம் உண்டு. அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நாலும் கடைசி பெஞ்சு. நெய்யரி என்றால் பன்னாடை. பனைமட்டை, தென்னைமட்டையின் அடியில் சல்லடை மாதிரி நார் பின்னிக் கிடக்குமே, அதுதான். முன்னெல்லாம் நெய்யையும் கள்ளையும் அதில்தான் வடிகட்டினார்கள். வடிகட்டினால் நல்லதெல்லாம் கீழே இறங்கிப் போய்விடும், செத்த ஈயும் எறும்பும் கசடும் பன்னாடையில் தங்கிவிடும். நம்மூரில் வாய்க்கு வாய் ‘பன்னாடை’ என்று திட்டுகிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை இலக்கணம் இருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை. வசவு வாங்கிய முதல் பத்து நாள் எல்லாருமே பன்னாடைதான், நானும்தான், என் கதை கடைசியில் வருகிறது.

சரி, கீழே இறங்கிப் போனதை எடுப்போம். என் பக்கத்து வீட்டில் முப்பது வருஷமாகத் தைக்கிற ஓர் அம்மா இருக்கிறார், அவரிடம் உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை, ‘லைனிங்கை ஊறப்போடாம வெட்டியிருக்கா’ என்றார். காட்டன் லைனிங் கடையிலிருந்து கஞ்சி விறைப்போடு வரும், முதல் தண்ணீரில் சுருங்கும், மேலே இருக்கிற துணி அந்த அளவுக்குச் சுருங்காது, இரண்டையும் ஒன்றாய்ப் பிடித்துத் தைத்திருப்பதால் மேல்துணி போக இடமில்லாமல் உப்பி நிற்கும். அதனால் ராத்திரியே தண்ணீரில் போட்டு, மறுநாள் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. முகூர்த்த நெருக்கடியில் விட்டிருப்பீர்கள். இல்லை, நீங்கள் வாங்கும் லைனிங் மாறியிருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அந்தம்மா சொன்னதையும் நம்ப வேண்டாம். அதே லைனிங்கில் ஒரு துண்டு எடுத்துச் சாக்பீஸ் கரைந்துவிடும் என்பதால் பேனாவால் பத்து இஞ்சுக்குப் பத்து இஞ்சு கட்டம் போடுங்கள். நனைத்துக் காயவைத்து இஞ்சு டேப்பை வையுங்கள். ஒன்பதே முக்கால் வந்தால் அவர் சொன்னது நிஜம். பத்தே வந்தால் வேறு எங்கோ கோளாறு, நூல் இழுப்பைப் பாருங்கள். எதுவானாலும் இஞ்சு டேப் யாருடைய வம்சத்தையும் இழுக்காது.

ஆயிரத்தைந்நூறு பற்றிய பேச்சு தனிக் கணக்கு. கண்ணைக் குத்திக்கொண்டு செய்கிற ஆரி வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும், லைனிங் சுருங்கியதால் அந்தக் கூலி அநியாயமாகிவிடாது. வம்சத்தை இழுத்ததை வடிகட்டவே வேண்டாம், அப்படியே சாக்கடையில் கொட்டுங்கள், அதில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

அப்புறம் பிளவுஸை வீசிய அம்மாவுக்கு ஒரு போன். ‘உள்துணி சுருங்குனது என் பிசகுதாங்க, கொண்டாங்க, பிரிச்சு மாத்தித் தர்றேன், காசு வேண்டாம்.’ இவ்வளவுதான். அழ வேண்டாம், ‘நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று ஆரம்பிக்கவும் வேண்டாம், ஆரம்பித்தால் லைனிங் போய்விடும், கோணிப்பை திரும்பி வந்துவிடும். (பட்டு பிளவுஸை வாளியில் முக்கியது அவர் தப்பு. அதைத் தைத்துக் கொடுக்கும்போது சிரித்த முகமாகச் சொல்லிக்கொள்ளலாம்.) உட்கார்ந்திருந்த நாலு பேரை நினைத்துத்தான் உங்களுக்கு அதிக வேதனை என்று தெரிகிறது. நாலு பேரில் எத்தனை பேர் பிறகும் துணி கொடுத்திருக்கிறார்கள் என்று நோட்டைப் பாருங்கள், கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை. மெஷினை விற்காதீர்கள், ஐப்பசி முகூர்த்தம் வருகிறது.

விமர்சனத்துக்கும் வசைக்கும் என்ன வித்தியாசம்?
– ஒரு வாசகர், பழங்காநத்தம்

பரோட்டா மாஸ்டரிடம் போய் ‘மாவு இன்னும் அரைமணி ஊறணும்ணே’ என்றால் விமர்சனம். ‘உங்கப்பன் போட்டதும் இப்படித்தான் இருந்துச்சு’ என்றால் வசை. ‘மாவு ஊறலை, உங்கப்பன் போட்டதும் இப்படித்தான் இருந்துச்சு’ என்றால்தான் சிக்கல். மதுரையில் புழங்குவதில் முக்கால்வாசி இந்த மூன்றாவது ரகம்.

திருமங்கலத்தில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் அண்ணன் ஒரு தொழிலையும் உருப்படியாக நடத்தியவர் இல்லை, ஊர் பூராவும் கடன். கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்து, ‘இவன் கடை எப்படிய்யா நிக்கும், கடன் நோட்டுல இருக்குறவன்ல பாதிப்பேரு செத்தே போயிட்டான்’ என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அந்த நோட்டில் அவர் பெயரே இருக்கிறது, ஆறாயிரத்துச் சொச்சம்! என்னைச் சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை?
– மளிகைக்கடைக்காரர், திருமங்கலம்

யோக்கியதை கிடையாது தம்பி, அதில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். ஒத்துப்போயாகிவிட்டது, இப்போது அந்த நோட்டை எடுங்கள்.

1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறார். பெட்டியில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் சீமைத் துணியில் இருக்கிறார்கள். கதர் கட்டுங்கள் என்று இவர் பேச்சுக் கொடுக்கிறார். அவர்கள் தலையை ஆட்டி, கதர் விலை ஜாஸ்தி, வாங்குகிற அளவுக்கு நாங்கள் வசதியானவர்கள் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். சொன்னது யார் பாருங்கள், மேலுக்குச் சீமைத் துணி உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்! நானாக இருந்தால் ‘உங்க சட்டை என்ன விலைங்க’ என்று கேட்டு வாயை அடைத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அவர்கள் சொன்னது அரைகுறை உண்மை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, பின்னால் அப்படியே எழுதியும் இருக்கிறார். ஆனால் அந்த அரைகுறைக்கு அடியில் கிடந்தது அவரைப் பிடித்துக்கொண்டது: கோவணத்துக்கு மேல் துணியே இல்லாத கோடிப் பேர் இருக்கிற நாட்டில் தான் தொப்பியும் மேல்சட்டையும் முழு வேட்டியுமாக உட்கார்ந்து கதர் வாங்கச் சொல்கிறோம் என்பது. அதற்கு முன்பே இரண்டு தடவை உடையைக் குறைக்கும் எண்ணம் வந்து தயங்கியவர், செப்டம்பர் 22 காலை மேலமாசி வீதி வீட்டிலிருந்து இடுப்பில் துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். அப்புறம் சாகும்வரை அதுதான் உடை. அந்த வீட்டில் இன்றைக்கும் கதர்க்கடை நடக்கிறது, சரக்கு எடுக்க மதுரைக்கு வரும்போது ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

உங்கள் அண்ணனைச் சீமைத் துணிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பாதி வசூலாகாது என்று அவர் சொன்னது உண்மையா, பொய்யா? கடிதம் முழுக்க அண்ணனின் கடனைப் பற்றித்தான் இருக்கிறது, உங்கள் நோட்டின் மொத்தம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. மறைத்தீர்களோ, கூட்டியே பார்க்கவில்லையோ, எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. ஒரு ஞாயிறு மத்தியானம் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து பெயர் பெயராகத் தேதி போடுங்கள். கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு பொதுவாக மூன்று வருஷம். கெடு முடிவதற்குள் வாங்கியவர் ‘இவ்வளவு பாக்கி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கும். வழக்கெல்லாம் போட மாட்டீர்கள், மளிகைக்கடைக்காரர் யார் போடுகிறார்கள், ஆனால் கையெழுத்துக் கேட்டாலே பாதிப்பேர் பணத்தோடு வருவார்கள்.

முதல் கையெழுத்தை அண்ணனிடம் வாங்குங்கள்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. எட்டு மாதமாக சூப்பர்வைசரிடம் திட்டு வாங்காத நாளில்லை. சேலையைப் பிரித்துக் காட்டினால் ‘மடிக்க யாரு இருக்கா’, பிரிக்காவிட்டால் ‘வியாபாரம் பண்ணத் தெரியாதா’. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் ‘இது என்ன உங்க வீட்டுத் திண்ணையா’. திட்டிலும் நல்லதை எடுத்துக்கொள் என்று அப்பா சொல்கிறார். எதை எடுப்பது?
– பணிபுரியும் பெண், கீழவாசல்

ஒன்றையும் எடுக்காதேம்மா. அப்பா சொன்னது நல்ல சொல்தான், இடம்தான் தவறிவிட்டது. பிரித்தாலும் திட்டு, பிரிக்காவிட்டாலும் திட்டு என்றால் அந்தத் திட்டில் உனக்கான சேதி ஏதுமில்லை, அவருக்கு மேலே இருக்கிறவர் அவரை வாங்குகிற வாங்கு இறங்கி வருகிறது, அவ்வளவுதான். சும்மா சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு வாரம் அவர் சொன்ன மாதிரியே அச்சு அசலாகச் செய்துபார். அப்போதும் குறையவில்லை என்றால் உன் வேலையில் குறை தேடி மண்டையை உடைத்துக்கொள்வதை நிறுத்திவிடு.

உட்காரும் விஷயம் மட்டும் வேறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்காதபடி, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, பணியாளர் எல்லாருக்கும் இருக்கை தரவேண்டும் என்பது கடை முதலாளிமேல் சட்டம் வைத்த கடமை. நாலு பெண்கள் சேர்ந்து மேலாளரிடம் நிதானமாக இதைச் சொல்லுங்கள், தனியாகப் போகாதே. நடக்காவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. வேறு கடையில் ஆள் எடுக்கிறார்களா என்றும் விசாரித்துக்கொண்டே இரு. மாசி வீதிகளில் தீபாவளிக்கு முன்னால் எல்லாக் கடை வாசலிலும் ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்கும்.

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. கவியரங்கில் வைகையைப் பற்றி வாசித்தேன். நடுவராக வந்த பேராசிரியர் மேடையிலேயே, ‘இது கவிதை இல்லம்மா, மடக்கி மடக்கி எழுதின வாக்கியம். மொதல்ல நீ வைகையைப் பார்த்திருக்கியா?’ என்றார். அரங்கமே சிரித்தது. இனி எழுதவே மாட்டேன் என்று தோழியிடம் சத்தியம் செய்துவிட்டேன்.
– மாணவி, அண்ணாநகர்

அம்மாடி, கவிதையையும் கூடவே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ‘பொங்கிப் புரண்டு நுரைசிந்திப் பொன்மணல் தழுவி’ என்று ஓடுகிறது உன் வைகை. அண்ணாநகரிலிருந்து நீ கல்லூரிக்கு பஸ்ஸில் ஆற்றைத் தாண்டித்தானே போகிறாய்? நாளைக்கு இறங்கி, கல்பாலத்தில் பத்து நிமிஷம் நின்று பார். ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்கும், அதற்கு நடுவில் கருப்பாய் ஒரு சாக்கடை ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் நாலு எருமை, எருமை முதுகில் கொக்கு. சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்து விட்டால்தான் அங்கே தண்ணீர், மழைக்காலத்தில் சில வருஷம் வெள்ளமே வருவதும் உண்டு, ஆனால் உன் கவிதையில் வருகிற ஆறு நீ பார்த்தது இல்லை. யாரோ எழுதியதைப் படித்து எடுத்தது. பேராசிரியர் கேட்ட கேள்வி கிண்டலாக வந்து விழுந்தாலும் கேள்வி சரியான கேள்வி.

மடக்கி எழுதிய வாக்கியம் என்றாரே, அதில் எனக்குப் பாதிதான் சம்மதம். எட்டாவது வரியில் ஆற்றோரம் துணி துவைக்கிற கிழவியைப் பற்றி ‘அவள் அடிக்கும் கல்லுக்கு அவள் வயது’ என்று எழுதியிருக்கிறாய். அது யாரிடமும் வாங்கியது இல்லை, அந்த வரி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே மீதியையும் எழுது.

இந்த ஊரில் கவிதையில் குற்றம் கண்ட கதை எல்லாருக்கும் தெரியும். தருமி கொண்டுவந்த பாட்டில் நக்கீரர் குற்றம் சொல்ல, பாட்டை எழுதிக் கொடுத்த இறைவனே வந்து நெற்றிக்கண்ணைத் திறந்தும் நக்கீரர் இறங்கி வரவில்லை, வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்பார்கள். இதை மேடையில் சொல்கிறவர்கள் நக்கீரரின் வீரத்தோடு கைதட்டல் வாங்கி முடித்துவிடுவார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கதை அத்தோடு முடிவதில்லை. அவரைக் கரையேற்றிய பிறகு, கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம் என்று தனியாக ஒன்று உண்டு, அகத்தியரை வைத்துப் பாடம் நடக்கிறது. குற்றம் சொன்னவரும் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது. உன் பேராசிரியருக்கும் மேடையில் ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பாடம் பாக்கி இருக்கிறது, அது அவர் பாடு.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பாட்டே. குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு, ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’, நீ மனப்பாடமாகவே வைத்திருப்பாய். அடுத்த அடி என்ன? ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ.’ எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று தலைவன் வண்டிடம் கேட்கிறான். சங்கத்தில் குற்றம் கண்ட பாட்டுக்குள்ளேயே இப்படி ஒரு அடி உட்கார்ந்திருக்கிறது. தும்பியிடம் கேட்டதை உன்னிடமும் கேட்கலாம், உன் பேராசிரியர் அதைத்தான் கொச்சையாகக் கேட்டிருக்கிறார்.

சத்தியத்துக்குப் பயப்படாதே. கவியரங்கக் கவிதை எழுத மாட்டேன் என்றுதானே அர்த்தம், தோழியிடம் அப்படிச் சொல்லிக்கொள். எருமையை வைத்து ஒன்று எழுதி எனக்கு அனுப்பு.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். மகன் சென்னையில் கடன் வாங்கி பிளாட் வாங்கியபோது, ‘வட்டிக்கணக்குத் தெரியாத முட்டாள்’ என்று உறவினர் முன்பே சொன்னேன். அதிலிருந்து போன் இல்லை. ‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்வது குற்றமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

ஐயா, வணக்கம். குறளை முழுசாக எழுதியிருக்கிறீர்கள், இடித்தலை மட்டும் எடுத்துக்கொண்டீர்களோ என்று படுகிறது. அதே குறளில் ‘மிகுதிக்கண்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அளவு மீறிப் போகும்போது மட்டும். ‘நட்டல்’ என்று ஒன்று அதற்கும் முன்னால் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளை கடன் வாங்கி வீடு வாங்குவது மிகுதியில் சேருமா என்று எனக்குத் தெளிவில்லை, வாடகையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால்தான் தெரியும். நீங்கள் போட்டீர்களா? போட்டிருந்தால் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். முதலும் வட்டியும் இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆகும், இடையில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் இவ்வளவு மிச்சம் என்று. அதுதானே உங்கள் கையில் இருந்த சரக்கு. ‘முட்டாள்’ என்பதை அவர் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அதற்கு அப்பா எதற்கு?

முதல் கடிதம் எழுதிய தையற்காரத் தங்கச்சியின் பதிலைப் படித்துப் பாருங்கள். உங்கள் மகனும் இப்போது பத்து நாளாகவோ பத்து மாதமாகவோ பன்னாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வட்டிக்கணக்கு கீழே இறங்கி எங்கோ போய்விட்டது. பிழை அவர் பேரில் மட்டும்தானா, இவ்வளவு கசடு போட்டு ஊற்றியது யார்?

போன் போடுங்கள். கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம், முதல் போனில் அது வேண்டாம். பேரப்பிள்ளை என்ன படிக்கிறது என்று கேளுங்கள்.

எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே, உங்களை யாராவது திட்டியிருக்கிறார்களா? அப்போது என்ன செய்தீர்கள்?
– ஒரு வாசகி, ஆரப்பாளையம்

வருஷம் ஞாபகமில்லை, போஸ்ட் கார்டு காலம். பெரியாறு அணையைப் பற்றி ஒரு கட்டுரையில், அணை திறந்த ஆண்டு 1886 என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த நாலாம் நாள் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கார்டு, சிவப்பு மையில். ‘அய்யா, குத்தகை ஒப்பந்தம் போட்ட வருஷத்தை அணை திறந்த வருஷம் என்று எழுதுகிற உமக்குப் பேனாவைக் கொடுத்தவன் எவன்? 1895. அந்தத் தண்ணீரில் நாலு தலைமுறையாகச் சோறு தின்கிறோம். பேசாமல் மாடு மேய்க்கப் போகவும்.’

கார்டு என்பதால் தபால்காரர், வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், கடைசியாக நான் என்று எல்லாரும் படித்தாகிவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். 1886 ஒப்பந்தம்தான் ஆணிவேர், அது இல்லாமல் பென்னிகுயிக் ஒரு கல்லை எடுத்து வைத்திருக்க முடியுமா, ஆய்வாளனின் பார்வை வேறு, விவசாயியின் பார்வை வேறு, நாகரிகமாக எழுதப் பழகவும், இன்னும் என்னென்னவோ. நல்ல நடை, இப்போது நினைத்தாலும் நல்ல நடைதான். தபாலில் போடும் முன் வீட்டுக்காரம்மா வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, ‘எல்லாம் சரி, இதுல 1895ங்கிறது எங்க வருது?’ என்று கேட்டார்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலு பக்கத்தில் ஓர் இடத்திலும் அந்த எண் இல்லை. மாடு மூன்று இடத்தில் இருந்தது.

நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு கார்டு எழுதினேன். ‘1895தான் சரி. அடுத்த இதழில் திருத்தம் வரும். நன்றி.’ திருத்தமும் வந்தது. ஒரு வாரத்தில் சிவப்பு மையில் மறுபடி கார்டு. பிரித்துப் படிக்கத் தேவையில்லாத தபால் என்றாலும் படிக்க மனமில்லாமல் அரைமணி மேசையில் கிடந்தது. ‘திருத்தம் கண்டேன். மூன்றாம் பத்தியில் ஒற்றுப்பிழை இரண்டு. ஐந்தாம் பத்தியில் பேரணை பற்றி எழுதியது சரி, அதைப் பலர் தப்பாக எழுதுகிறார்கள்.’ அதற்குப் பிறகு என்னுடைய கட்டுரை எது வந்தாலும் அவரிடமிருந்து கார்டு வரும். ஒருதடவைகூட ‘நன்றாக இருந்தது’ என்று எழுதியதில்லை. கட்டுரையை அனுப்பும் முன் தேதிகளை மட்டும் தனியாகச் சிவப்பு மையில் ஒருதரம் குறித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது அப்போதுதான், இன்றைக்கு இந்தப் பக்கத்துக்கும் அதைச் செய்தேன்.

மாடு மேய்க்கப் போகச் சொன்னதை மட்டும் இன்னும் செய்யவில்லை.